இரண்டு விரல் நூல்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கென்று ஒரு கதிரை இருக்கவில்லை. இருந்த இரண்டில் ஒன்றில் அம்மா தோய்த்த உடுப்புகளை மடித்து வைப்பார். மற்றதில் நான் இருந்து படிப்பேன். அப்பா நிலத்தில்தான் இருப்பார். யாராவது கேட்டால், "எனக்குக் கதிரை கந்தோரில கிடக்கு" என்பார். அது பகிடி. அவர் சொன்ன கதிரை புல்வெட்டும் மெசினுக்கு மேலே இருந்தது.

ஒருவர் ஏறியிருந்து ஓட்டுகிற மெசின் அது. நாலு சில்லு, சிவப்பு நிறம். உழவு மெசின் குட்டி போட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். வயிற்றுக்கு அடியில் தட்டையான ஒரு பெட்டி, அதற்குள் புல்லை வெட்டும் அலகு. அப்பா வேலை செய்த கந்தோர் துறைமுகத்தை ஒட்டியது. வெள்ளைக்காரன் போகும்போது கட்டிடங்களோடு ஏக்கர் கணக்கில் புல்லையும் விட்டுப் போயிருந்தான். அந்தப் புல்லை வெட்டுவது அப்பாவின் வேலை. மெசின் பழுதானால் திருத்துவதும் அவர்தான். ஓட்டத் தெரிந்தவரும் திருத்தத் தெரிந்தவரும் அங்கே அவர் ஒருவர்தான்.

எங்களுக்குத் தந்திருந்த குவாட்டர்ஸ் அந்தப் புல்லின் மேல் விளிம்பில் இருந்தது. குசினிக் கதவைத் திறந்தால் நிலம் சரிந்து சரிந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும். அடிவாரத்தில் வெள்ளை அடித்த கற்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அதற்கு அங்கால் இருபது முப்பது அடி புல், பிறகு முட்கம்பி வேலி, மண்மூட்டைகள் அடுக்கிய காவலரண். வெள்ளைக் கல்லைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது என்பது நான் எழுத்துப் படிக்க முதலே படித்த பாடம். அப்பாவுக்கு மட்டும் அங்கே போக ஒரு முறை இருந்தது. கல்லுக்கு முன்னால் மெசினை நிற்பாட்டி, ஒரு கையை உயர்த்துவார். காவலில் நிற்கும் நேவிக்காரன் பதிலுக்குக் கையை அசைத்தால் தாண்டிப் போய் வேலியோரத்துப் புல்லையும் வெட்டிக்கொண்டு வருவார். அசைக்காவிட்டால் திரும்பிவிடுவார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாரி மழை விட்டு, வெயில் எறிக்கத் தொடங்கியிருந்தது. இப்படியான நாட்களில் புல் ஆளைக் கேட்காமல் வளரும். வேலியோரம் முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. அழகுக்காகப் புல் வெட்டிய காலம் போய்விட்டிருந்தது. முழங்காலளவு புல் என்றால் அதற்குள் ஒருவர் படுத்துக் கிடக்கலாம் என்று அர்த்தம். திங்கட்கிழமைக்குள் வேலியோரம் முழுக்க வெட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சரிவில் குடியிருப்பவர்கள் வெளியேற வேண்டும், துறைமுகப் பாஸையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நேவியிடமிருந்து கந்தோருக்குக் கட்டளை வந்தது.

அந்தப் பாஸ் ஒரு சின்ன அட்டை. அப்பாவின் படமும் ஒரு முத்திரையும் இருக்கும். அதை அவர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சேட்டின் உட்பக்கத்தில் அம்மா தைத்துக் கொடுத்த பொக்கற்றில் வைத்திருந்தார். பாலையூற்றில் இருந்த என் மாமாவிடம், அம்மாவின் தம்பியிடம், அப்படியொரு அட்டை இருக்கவில்லை. ஆமி செய்த ஒரு சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோனார்கள். சில கிழமை கழித்துத் திரும்பி வந்தார். வந்த பிறகு அவர் கோழிகளோடு மட்டும்தான் கதைத்தார். அம்மா ஒவ்வொரு நாளும் அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது அவருடைய நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். அன்பில் தொடுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவர் பார்த்தது அட்டை இருக்கிறதா என்று.

கட்டளை வந்த அதே புதன்கிழமை மெசினின் பெல்ட் அறுந்தது.

அறுந்தது என்றும் சொல்ல முடியாது. பிய்ந்தது. றப்பர் எரிந்த மணம் குசினி வரை வந்தது. அப்பா மெசினுக்குக் கீழிருந்து கை நிறையக் கறுப்பு நாரை அள்ளி எடுத்தார். அதைக் கந்தோர் ஸ்டோருக்குக் கொண்டுபோனபோது ஸ்டோர்க்காரர் வாங்கி ஒரு பையில் போட்டு, துண்டுச் சீட்டுக் கட்டிவிட்டார். பழைய சாமானைப் படிவத்தோடு கொழும்புக்கு அனுப்பினால்தான் புதியது வரும், அதுதான் விதி.

"எப்ப வரும்?" என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"மூண்டு மாதத்தில வந்திடும்."

"புல்லுக்கு ஆர் சொல்லுறது, மூண்டு மாதம் வளராத எண்டு?"

இதை அன்றைக்குச் சாப்பிடும்போது எங்களுக்குச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கிண்ணியாவில் ஒரு நெல் மில்லில் மெசின் பார்க்கும் முஸ்லிம் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவார். முன்பு துறைமுகத்தில் கூலிக்கு வேலை செய்தவர். மில்லுக்கு விதவிதமான பெல்ட்டுகள் தேவை, ஆகவே அவரிடம் இருக்கும். அப்பா பஸ்காரர் ஒருவர் மூலம் அவருக்குச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. "எங்களிட்ட இருக்கு. அங்குலம் சொல்லாதீங்க. உள் அங்குலம், வெளி அங்குலம் எண்டு கம்பனிக்கொரு அங்குலம். பழசு இல்லாட்டி நூல் கொண்டாங்க."

அன்று பின்னேரம் அப்பா மெசினுக்குக் கீழே மல்லாக்கப் படுத்தார். நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். எஞ்சினுக்கு அடியில் ஒரு கப்பி, பின் சில்லுகளுக்கு நடுவில் இன்னொரு கப்பி. பெல்ட் இரண்டையும் சுற்றி ஓடும். நடுவில் அசையக்கூடிய சின்னக் கப்பி ஒன்று இருந்தது. கால் மிதியை அமத்தினால் அது விலகும், பெல்ட் இளகும், மெசின் நிற்கும். காலை எடுத்தால் அது பெல்ட்டை அமத்திப் பிடிக்கும், மெசின் போகும். இதை அவர் எனக்குச் செய்து காட்டினார்.

"அப்ப பிறேக் எண்டு ஒண்டும் இல்லையோ அப்பா?"

"இருக்கு. அதே மிதிதான். ஆனா பெல்ட் இளகாட்டி பிறேக் என்ன செய்யும்? எஞ்சின் ஒரு பக்கம் இழுக்கும், பிறேக் ஒரு பக்கம் இழுக்கும். நானும் கொம்மாவும் மாதிரி."

"ஆர் வெல்லுறது?"

"எஞ்சின்தான்" என்று சொல்லிவிட்டு, குசினிப் பக்கம் பார்த்துச் சத்தத்தைக் குறைத்து, "கொம்மாதான்" என்றார்.

சின்னக் கப்பியைச் சரியாக நடுவில் வைத்து, நூலைச் சுற்றி இழுத்து, தொடங்கிய இடத்துக்கு வந்ததும் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டார். முடிச்சிலிருந்து முடிச்சு வரை பெல்ட்டின் அளவு. அவருடைய முடிச்சு எட்டு வடிவத்தில் படுத்துக் கிடக்கும். கப்பல் கயிறு கட்டுகிறவர்களிடம் பழகியது. எங்கள் வீட்டில் அரிசிப் பை, கொடிக்கயிறு எல்லாவற்றிலும் அந்த எட்டு இருந்தது.

நூலைச் சுருட்டிப் பொக்கற்றில் வைத்தபோது அம்மா மறித்தார்.

"உதைப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு போகப் போறீங்களே? என்னத்துக்கு நூல் எண்டு கேட்டா?"

"பெல்ட் அளக்க எண்டு சொல்லுவன். கந்தோர்க் கடிதமும் கிடக்கு."

"கடிதத்த வாசிக்கிற ஆள் வாறதுக்குள்ள அடி விழுந்திடும்."

அந்த நாட்களில் பொக்கற்றில் கயிறோ கம்பியோ இருப்பது நல்லதல்ல, குண்டு கட்டத்தான் என்பார்கள். அப்பாவுக்கும் அது தெரியும். அம்மா மஞ்சள் கரைக்கப் போனார். "நனைக்காத, சுருங்கிப்போம்" என்று அப்பா கத்தினார். ஆகவே மஞ்சள் தூளை அப்படியே நூலில் தேய்த்தார். பிறகு என் இடது மணிக்கட்டில் சுற்றத் தொடங்கினார். சுற்றிச் சுற்றி, கடைசி முடிச்சு வெளியே தொங்கும்படி விட்டுச் செருகினார். பார்ப்பதற்குக் கோயிலில் கட்டிய நூல்தான்.

"கேட்டா கோயில் நூல் எண்டு சொல்லு. அவிழ்க்கக் கூடாது. ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது."

கடைசிச் சொல் எனக்குத் தேவையில்லை. நான் எப்போதுமே ஒருவரோடும் கதைக்காத பிள்ளை.

சனிக்கிழமை காலை நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. பஸ்ஸில் போய், துறையில் இறங்கி, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய மிதவையில் அக்கரைக்குப் போக வேண்டும். அதைப் பாதை என்று சொல்வோம். பாதைக்கு முதல் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கி ஆண்களை ஒரு வரிசையிலும் பெண்களை ஒரு வரிசையிலும் விட்டார்கள். பெண்களைச் சோதிக்கச் சாக்கு கட்டி மறைத்த ஒரு இடம் இருந்தது. எனக்கு முன்னால் போன மனுசி வெளியே வந்ததும் நான் தனியே உள்ளே போனேன்.

உள்ளே ஒரு பெண் ஆமி. இளம் பெண், வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. என் இடுப்பைத் தடவினாள், பையைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்தாள். 

"கோவில்?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

அவள் என் மணிக்கட்டை உயர்த்தி, நூலைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். அவளுடைய கையிலும் ஒரு நூல். பன்சலை என்கிற புத்த கோயிலில் கட்டிய வெள்ளை நூல், அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஓரிடத்தில் தேய்ந்து, ஒரேயொரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் என்னுடைய நூலின் தொங்கிய நுனியைத் தொட்டு, கண்ணாலே கேட்டாள்.

இல்லை என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. தமிழிலும் அந்தச் சொல்லை நான் அதிகம் பாவித்ததில்லை.  மேசையில் யாரிடமிருந்தோ பறித்து வைத்திருந்த ஒரு சின்னக் கத்தரிக்கோல் கிடந்தது. அவள் அதை எடுத்து, இரண்டு விரல் நீளம் வெட்டினாள். ஒரு நுனியைப் பல்லால் பிடித்து, தன் அறுந்துபோகவிருந்த நூலை என்னுடைய மஞ்சள் துண்டால் இணைத்துக் கட்டினாள். அப்பாவின் எட்டு முடிச்சு அவளுடைய மணிக்கட்டில் போய் இருந்துகொண்டது. அவள் சிரித்தாள். என் கன்னத்தைத் தட்டி, ஒரு டொபி தந்தாள்.

"ஒண்டும் கேக்கேல்லத்தானே?" என்று வெளியே நின்ற அப்பா கேட்டார்.

"இல்லை" என்றேன். அந்தச் சொல் அப்போது வந்துவிட்டது.

பாதை நகரத் தொடங்கியதும் நான் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பதுபோல் நின்றேன். வெட்டிய நுனியில் ஒரு முடிச்சுப் போட்டேன். எட்டு முடிச்சு எனக்குப் போடத் தெரியாது. எல்லோரும் போடும் முடிச்சுத்தான் போட்டேன். அதற்கும் ஒரு விரல் நூல் செலவானது. அவ்வளவு நீள நூலில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொன்னேன்.

மில்லில் தவிட்டுத் தூசி பறந்துகொண்டிருந்தது. நானா எங்களைக் கண்டதும் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"எங்க நூல்?"

அப்பா என் கையைக் காட்டினார். நானா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மெசின மகள்ர கையில கட்டிக் கொண்டந்திரிக்கீங்க! நல்ல மனிசன்!"

நூலை மெதுவாக அவிழ்த்து, இரண்டு முடிச்சையும் சேர்த்துப் பிடித்து, சுவரில் தொங்கிய பெல்ட்டுகளோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்று சரியாகப் பொருந்தியது. ஆனால் நானாவின் முகம் பொருந்தவில்லை.

"இந்த அளவு புல்லு மெசினுக்கு வாறதில்லையே தம்பி. இதுக்கு அடுத்த பெரிசுதான் வாறது. இந்தா, இது."

"நூல் பொய் சொல்லாது நானா. நான் என்ர கையால அளந்தது."

"அப்ப ரெண்டையும் கொண்டு போங்க. சரிவராதத பிறகு திருப்பித் தாங்க."

"கடிதத்தில ஒரு பெல்ட் எண்டுதான் கிடக்கு. ரெண்டக் கண்டா, மற்றது ஆருக்கு எண்டு கேப்பாங்கள்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். வாய்க்குள் டொபி இருந்தது.

திரும்பி வரும்போது சோதனையில் கடிதத்தையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டு விட்டார்கள். அந்தப் பெண்ணை நான் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா பெல்ட்டைப் பூட்டத் தொடங்கினார். அது ஏறவில்லை. சின்னக் கப்பியை இழுக்கும் கம்பியின் நட்டை இளக்கினார். மரையின் கடைசி வரைக்கும் இளக்கினார். பிறகு ஒரு மரக்கட்டையால் நெம்பி, மூச்சைப் பிடித்து, ஒருவழியாக ஏற்றிவிட்டார். பின் சில்லுகளைச் செங்கல்லில் தூக்கி வைத்து எஞ்சினை ஸ்ரார்ட் செய்தார். மிதியை அமத்தினார். சில்லு நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் அமத்தினார். முனகிக்கொண்டு நின்றது.

ஸ்பனரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைக் கனநேரம் பார்த்தார்.

"புதுப் பெல்ட் எண்டா இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓட இளகும், என்ன பிள்ளை?"

அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஓம் அப்பா, இளகும்" என்றேன்.

வெயில் தாழ்ந்ததும் வெட்டத் தொடங்கினார். அம்மா போத்தலில் தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் சரிவின் நடுவில் ஒரு வாகை மர நிழலில் இருந்தோம். மெசின் கீழே போவதும் வெள்ளைக் கல்லுக்கு முன்னால் வளைந்து மேலே வருவதுமாக இருந்தது. வெட்டிய புல்லின் மணம் நெஞ்சை அடைத்தது. எங்கள் பக்கம் வந்தபோது ஒரு தடவை அம்மா தேத்தண்ணிக்கு நிற்பாட்டச் சொல்லிக் கை காட்டினார். அப்பா மிதியில் ஏறி நின்றதுபோல் அமத்தினார். அப்படியும் மெசின் எங்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் ஊர்ந்தது. திறப்பைத் திருப்பி எஞ்சினை நூர்த்தபிறகுதான் நின்றது.

"என்ன, நிக்குதில்லையே?" என்றார் அம்மா.

"இளகும்" என்றார் அப்பா. "ஏலாட்டித் திறப்பு இருக்குத்தானே."

திறப்பு ஸ்ரியறிங்குக்குக் கீழே, அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

கல்லுக்கு இப்பால் இருந்த புல் முழுக்க வெட்டி முடிந்தது. இனி வேலியோரம் மட்டும்தான். அப்பா மெசினைக் கீழ்நோக்கித் திருப்பினார். வழக்கம்போலக் கல்லுக்கு முன்னால் நிற்பாட்டிக் கையை உயர்த்த வேண்டும். அன்று காவலில் நின்றவன் புதியவன். அப்பாவை அவனுக்குத் தெரியாது, அப்பாவின் முறையும் தெரியாது.

அப்பா மிதியை அமத்துவது எனக்குத் தெரிந்தது. அவருடைய உடம்பு கதிரையிலிருந்து எழும்பியது. சரிவில் மெசின் நிற்கவில்லை, போய்க்கொண்டேயிருந்தது. காவலரணிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. அப்பாவின் வலது கை திறப்பை நோக்கிக் கீழே இறங்கத் தொடங்கியது. இன்னொரு கத்தல். அந்தக் கை பாதியில் நின்றது. பிறகு இரண்டு கைகளும் மேலே போயின.

அப்பா கதிரையில் நிமிர்ந்து, கைகள் இரண்டையும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்தார். மெசின் அவர் இல்லாமலே ஓடியது. எங்கள் வீதியில் பெரிய பெடியன்கள் கையை விட்டுவிட்டுச் சைக்கிள் ஓட்டுவார்கள். அப்பாவுக்கும் அது தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எழும்பி நின்று கைதட்டிச் சிரித்தேன். "அம்மா, அப்பாவைப் பாருங்கோ, கையை விட்டிட்டு…"

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. பொத்தியது என்பதை விட அடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். 

மெசினின் முன் சில்லு வெள்ளைக் கல்லில் ஏறியது. அடியில் இருந்த அலகு கல்லில் பட்டுப் பெரிய வெடியாக ஒரு சத்தம் எழுந்தது. வேலியில் இருந்த காகங்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எஞ்சின் நின்றுபோயிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு அவன் சுட்டிருக்கலாம். சுடவில்லை. ஏன் சுடவில்லை என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. அவனுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வயது இருக்கும். அவன் பிடித்திருந்த துவக்கின் நுனி, எழுதத் தெரியாத பிள்ளையின் கையில் பென்சில் ஆடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.

அப்பாவை இறங்கச் சொன்னார்கள். வெட்டிய புல்லில் முழங்காலில் நிற்கச் சொன்னார்கள். அவர் கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு இரண்டு பேர் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், அப்பாவைத் தெரிந்த வயதான நேவிக்காரர் ஒருவர் வந்தார். அப்பா கைகளை இறக்காமல், நாடியால் மெசினைக் காட்டிக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "பெல்ட்" என்ற சொல் மட்டும் எங்களுக்குக் கேட்டது. அந்த மனிதர் குனிந்து மிதியைக் கையால் அமத்திப் பார்த்தார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அப்பாவின் அட்டையை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

அம்மா புல்லில் இருந்துவிட்டார். தேத்தண்ணிப் போத்தல் சரிவில் உருண்டு, அப்பாவுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது.

வேலியோரத்துப் புல்லை அன்று அப்பாவும் அம்மாவும் கத்தியால் வெட்டினார்கள், இருளும் வரைக்கும். காவலில் நின்ற பெடியன் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வெள்ளைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அப்பா குடித்தார். அம்மா குடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தவர்கள் புல் நன்றாக வெட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னார்களாம்.

ஆனால் அவர்கள் வர முதலே, விடிந்ததும், அப்பா கிண்ணியாவிலிருந்து திரும்பக் கொண்டுவந்து ஆணியில் தொங்கவிட்டிருந்த நூலை எடுத்துக்கொண்டு மெசினடிக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குச் சீப்பால் தலையிழுத்துக்கொண்டு யன்னலால் பார்த்தேன். பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கப்பிகளைச் சுற்றி நூலை வைத்தார். முடிச்சுகள் சந்திக்கவில்லை. நூலின் ஒரு நுனியைப் பார்த்தார். மற்ற நுனியைப் பார்த்தார். என்னுடைய முடிச்சை விரல்களுக்கு இடையில் வைத்து உருட்டினார். நகத்தால் அதை அவிழ்த்து, கத்தரிக்கோல் வெட்டிய வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கள் வீட்டுக் கத்தரிக்கோல் மொட்டை, அது நூலைச் சப்பும், வெட்டாது. பிறகு நூலைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிட்டார்.

"இண்டைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் பிள்ளை. மற்றப் பெல்ட்ட எடுக்கக் கிண்ணியாவுக்குப் போவம்."

புதிதாக ஒரு நூலை அளந்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் எட்டு முடிச்சு. ஆனால் ஒரு முடிச்சுக்கு அங்கால் ஒரு சாண் நூல் வெட்டாமல் மிச்சமாகத் தொங்கியது. மஞ்சளைத் தேய்த்து, இந்தமுறை அவரே என் கையில் சுற்றினார்.

"ஏனப்பா இவ்வளவு வால்?"

"கேக்கிற ஆக்களுக்குக் குடுக்க. முடிச்சுக்கு அங்கால எவ்வளவும் குடுக்கலாம்." சுற்றி முடித்து நுனியைச் செருகிவிட்டு, "குடுத்தா எனக்கு வந்து சொல்லு, பிள்ளை. சொன்னாப் போதும்" என்றார்.

ஓம் என்றேன். அது அளப்பதில் ஏதோ புது முறை என்று நினைத்தேன். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாமல் போனது எவ்வளவு நல்லது என்றும் நினைத்தேன்.

சாவடியில் அன்று வேறொரு பெண் இருந்தாள். அவள் நூலைப் பார்க்கவேயில்லை. ஒரு சாண் வாலும் அப்படியே என்னோடு வந்தது. பாதையில் ஏறியபிறகு அப்பா கம்பியில் சாய்ந்து நின்றார். அவருடைய காற்சட்டை முழங்கால்களில் புல்லின் பச்சை, அம்மா இரவு எவ்வளவு தோய்த்தும் போகாமல் இருந்தது. எனக்கு மனது லேசாக இருந்தது. நேற்றிலிருந்து கேட்க நினைத்திருந்ததைக் கேட்டேன்.

"அப்பா, நேற்றுக் கையை விட்டிட்டு ஓடினீங்களே, அத எனக்கும் பழக்குவீங்களோ?"

 தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதை நடுத்துறைக்கு வந்துவிட்டது.

"உனக்கு அது தேவையில்லாமலே போகட்டும், பிள்ளை" என்றார்.

பெண்பிள்ளை என்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து, கிண்ணியா வரும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.